பலாமரத்தடியில் நட்ட மழைமானி

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் யாரிடம் கேட்டாலும் ரத்தினம்மா அக்காவைப் பற்றி முதலில் தராசுக் கதையைத்தான் சொல்வார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை முள்ளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு "பதினாலு" என்பார். வரிசையில் நிற்கிற பெண்கள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அக்கா நகரமாட்டார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசுக்கு நேரே குனிவார். "பதினாறரை. கண்ணாடியப் போட்டுக்கிட்டு இன்னொருக்கா பாருங்க" என்பார். மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். எழுத்துக் கூட்டி வாசிப்பது அவருக்குப் பெரும்பாடு. ஆனால் இலக்கம் தப்பாது. முப்பத்திரண்டு வருடம் கொழுந்தெடுத்ததில் அவர் சொன்ன நிறை பிழையென்று ஒருநாளும் ஒருத்தரும் காட்டியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுசியை, மழையைப் பிழையாக அளந்து ஒரு உயிரைக் கொன்றவள் என்று தோட்டமே பேசும்படி செய்தவன் நான். அக்காவின் கதையை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. என்றாலும் என்னைத் தவிர வேறு யாராலும் அதை உள்ளபடி எழுத முடியாது.

என் பெயர் கணேஸ். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் இருபத்தொரு வருடமாக வேலை செய்கிறேன். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறவன். கடையில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் "பன்வில" என்பேன். பன்விலயில் எங்கே என்றால் "டவுனுக்குக் கொஞ்சம் மேல" என்பேன். அந்தக் கொஞ்சம் ஆறு கிலோமீட்டர், அதில் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு பஸ் இல்லை, நடைதான். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் ஒரு காம்பராவில் இருக்கிறேன் என்று இத்தனை வருடத்தில் ஒரு ஆளிடமும் வாயைத் திறந்ததில்லை. காம்பராவுக்கு முன்னால் ஒரு அறையை இழுத்துக் கட்டி, நிலத்துக்கு டைல்ஸ் பதித்து, சுவருக்கு வெளிர்பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். உள்ளே நின்று போட்டோ எடுத்தால் லயம் என்று தெரியாது. அதில் எனக்கு அவ்வளவு பெருமை. தூ!

அக்கா எங்களுக்கு அடுத்த காம்பரா. அவருடைய கணவர் லெட்சுமணன் அண்ணன், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் குளவி கொட்டிச் செத்துப்போய்ப் பதினோரு வருடமாகிறது. பிள்ளை இல்லை. என் மனைவி கமலம் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்வந்த காலத்தில் எங்கள் மகள் நிலூஷா தவழ்ந்ததும் நடந்ததும் அக்காவின் காம்பராவில்தான். நிலூஷாவுக்குத் தலைவாருவது, கட்டாயப்படுத்திச் சோறூட்டுவது, காய்ச்சலென்றால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் அவர்தான். நான் நன்றாக உடுத்திக்கொண்டு பஸ் ஏறியதற்குப் பின்னால் அக்காவின் அந்த உழைப்பும் இருந்தது. அதை நான் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் கண்டியிலிருந்து அதிகாரிகள் சிலர் வந்து, வேலைநேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் எங்களையெல்லாம் உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஒரு பெரிய வெள்ளைத்தாளில் 'மனிதப் பாதுகாப்பு' என்று எழுதி ஒட்டினார்கள். உணவு, சுகாதாரம், சூழல் என்று அதற்குக் கீழே ஒரு பட்டியல். எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள மலை வெடித்திருக்கிறது, பெருமழைக்கு இறங்கக்கூடும் என்று சொன்னார்கள். பிறகு ஒரு இளம் அதிகாரி, பாதுகாப்பு என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டார். ஒருத்தன் பொலிஸ் என்றான். இன்னொருத்தன் ஆமி என்றான். அக்கா எழுந்து நின்றார்.

"எனக்குப் பதினஞ்சு வயசுல, கலவரத்துல அடிக்க வாராங்கன்னு எங்கம்மா என்னைய தேயிலைக்குள்ள படுக்க வச்சாங்க சேர். ஆமி வந்தா பாதுகாப்புன்னு அப்ப நெனச்சோம். பொறகு அடையாள அட்டை இல்லன்னு அதே ஆமி என்னைய பஸ்ஸவிட்டு எறக்கி வெயில்ல நிக்க வச்சாங்க. அப்ப அட்டைதான் பாதுகாப்புன்னு நெனச்சேன். அட்டையும் கெடச்சிச்சு. அதுக்கப்புறம் மா வெல ஏறி, வெறும் சாயத்தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தோமே, அப்ப அட்டைய திங்கவா முடியும்? இப்ப நீங்க வந்து மலை வருதுங்கிறீங்க. எனக்கு என்ன வேணும்னா, நான் சாத்துன கதவ மறுநா நானே தெறக்கணும். அம்புட்டுத்தான் சேர்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. மழைமானியை இந்த அம்மாவிடமே கொடுங்கள் என்றார்.

மழைமானி என்பது பெரிய விசயமொன்றுமில்லை. கோடு போட்ட கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் குழாய், அதைத் தாங்க ஒரு கம்பம். மழைத்தண்ணீர் எந்தக் கோட்டுக்கு ஏறுகிறதோ அதுதான் கணக்கு. எழுபத்தைந்து மில்லிமீட்டரில் மஞ்சள் கோடு, ஆயத்தமாக வேண்டும். நூறில் சிவப்புக் கோடு, எல்லோரும் கீழேயுள்ள பாடசாலைக்குப் போய்விட வேண்டும். எங்கள் மலைக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. மேலே மரமோ கூரையோ இருக்கக்கூடாது, வானம் திறந்திருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். எங்கள் லயத்தில் அப்படித் திறந்த இடம் என் வாசல்தான். அங்கேயே கம்பத்தை நட்டார்கள். போதாததற்கு அதன் பக்கத்தில் 'மண்சரிவு அபாய வலயம்' என்று மூன்று பாஷையிலும் சிவப்பெழுத்தில் ஒரு போர்டு.

"ஏன் சேர், தோட்டம் முழுக்கத் தேடி எங்க வாசல்தான் கெடச்சிதா?" என்று எகிறினேன். ஒருத்தரும் கணக்கெடுக்கவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கு அதுவே பெரிய உத்தியோகமாகிவிட்டது. காலை எட்டு மணிக்கு வந்து குனிந்து பார்ப்பார், கொப்பியில் எழுதுவார். மழைநாளில் நாலு மணித்தியாலத்துக்கொரு தடவை, கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வருவார். பார்த்துவிட்டு லயத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரைக்கும் கேட்கும்படி, "நாப்பத்திரெண்டு! பயப்பட வேணாம்!" என்று கூவுவார். "வானிலை அறிக்கை வந்திருச்சு" என்று நான் கிண்டலடிப்பேன். "சிரிடா, சிரி. ஒரு நாளைக்கு இந்த வானிலை அறிக்கைதான் ஒன்னையக் காப்பாத்தும்" என்பார். இரண்டு தடவை சிவப்புக் கோடு தாண்டியதென்று எங்களை எழுப்பிப் பாடசாலைக்கு விரட்டினார். இரண்டாவது தடவை மாட்டுப்பட்டிமேல் ஒரு பாறை வந்து விழுந்தது. பட்டியில் அப்போது மாடுகூட இல்லை, அதையும் அவிழ்த்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அக்கா ஒரு இலக்கம் சொன்னால் எங்கள் லயத்துக்கு ரேடியோ தேவைப்படவில்லை.

போன நவம்பரில் நிலூஷாவுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை யுகேஷ், கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அப்பா திருச்செல்வம் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், டவுன் ஆள். என் கடைக்குத் துணியெடுக்க வந்த பழக்கத்தில் ஆரம்பித்த பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பெண்பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். "நாங்களே கட்டுன வீடு" என்று நான் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை வாசலைக் கூட்டிவிட்டு நிமிர்ந்தேன். சிவப்பெழுத்துப் போர்டு என் மூஞ்சிக்கு நேரே நின்றது. அக்கா நாவலப்பிட்டியில் ஒரு சாவீட்டுக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். கடப்பாரை மாதிரியான அலவாங்கை எடுத்துவந்து கம்பத்தை ஆட்டத் தொடங்கினேன்.

கமலம் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "என்னங்க செய்றீங்க? அது அரசாங்கத்து சாமானுங்க!"

"வாற சம்பந்தி வாசல்ல கால வைக்கிறப்பவே, இங்க இருந்தா செத்துப்போவேன்னு சிவப்புல எழுதியிருந்தா பொண்ணெடுப்பானா? ஒனக்கு மூளை இருக்கா?"

"அப்ப போர்ட மட்டும் கழட்டுங்க. மானி என்ன செஞ்சிச்சு?"

"அது என்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது? போ உள்ள."

போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மழைமானியைக் கொண்டுபோய், லயத்துக்குப் பின்னால் தொங்கல் காம்பராவுக்கு மேலேயிருந்த பலாமரத்தடியில் நட்டேன். யார் கண்ணிலும் படாத இடம் அது ஒன்றுதான். அண்ணாந்து பார்த்தால் வானம் கையகலம்கூடத் தெரியவில்லை. பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் நட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள், நிலூஷாவைப் பிடித்துப்போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோதிரம் போட வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் ஒரு வாரம்தானே, அதுவரைக்கும் மானி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அக்கா வந்தவுடனே என் வாசலில் இருந்த குழியைப் பார்த்தார். "என்ன கணேஸு, மானிய எங்க?"

"ஆபீசர்மாரு வந்தாங்கக்கா. அவங்கதான் பலாமரத்துப் பக்கம் மாத்தச் சொன்னாங்க. போர்டையும் பெயின்ட் அடிக்கணும்னு கழட்டி வைக்கச் சொன்னாங்க." இவ்வளவும் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன். கடையில் சாயம் போகிற துணியைச் சாயம் போகாது என்று விற்றுப் பழகிய வாய்.

"மரத்துக்குக் கீழயா? அன்னைக்கு மரமே கூடாதுன்னாங்களே?"

"படிச்சவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

தராசு முள்ளைப் பிழையென்று சொல்லக் கூசாத மனுசி, ஆபீசர்மார் சொன்னார்கள் என்றதும் தலையை ஆட்டினார். அவர் மதித்தது அந்த அதிகாரிகளை. அந்த மதிப்பை வைத்துத்தான் நான் அவரை ஏமாற்றினேன்.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. இந்த மலைநாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கே அப்படியொரு மழை பழக்கமில்லை. புதன்கிழமை மத்தியானத்தோடு கடையை மூடிவிட்டார்கள். கண்டியில் தண்ணீர் ரோட்டில் ஓடியது. பஸ் வத்தேகமயோடு நின்றுவிட, மிச்சத் தூரத்தை ஒரு லொறியிலும் நடையிலுமாக வந்து சேர்ந்தேன். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. வெளியே என்ன நடக்கிறதென்று எங்களுக்குச் சொல்ல அந்தக் குழாயை விட்டால் வேறு எதுவுமில்லை.

நாலு மணிக்கு அக்காவின் குரல் கேட்டது. "அறுபத்திரெண்டு! பயப்பட வேணாம்!"

நான் முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். தண்ணீர்க் கான்கள் நிரம்பி வாசலில் தண்ணீர் ஓடுகிறது. இந்த மழைக்கு அறுபத்திரண்டா? அது எனக்கு அப்போதே உறைத்தது. ஓடிப்போய், அக்கா அந்தக் கணக்கு பொய், மரம் தண்ணியப் பிடிச்சுக்கிட்டிருக்கு என்று சொல்ல எனக்கு இருபது அடி எடுத்து வைத்தால் போதும். சொன்னால், யார் மாற்றியது என்று கேட்பார்கள். போர்டு திரும்ப வாசலுக்கு வரும். ஊர் முழுக்கப் பேச்சு, அது கண்டிக்கும் போகும். காலையில் வெளிச்சத்தில் மாற்றி நடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சட்டையைக் கொடியில் போட்டேன். இரவு எட்டு மணிக்கு அக்கா கூவியதும் எழுபதைத் தாண்டவில்லை, லயமே அதை நம்பிப் படுத்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மலை இறங்கியது. லொறியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். தொங்கல் காம்பராவும் அதற்கு அடுத்த காம்பராவும் போய்விட்டன. அடுத்த காம்பரா ஆட்கள் கொழும்பிலிருந்ததால் தப்பினார்கள். தொங்கல் காம்பராவில் மோகனராஜ் இருந்தான். முப்பத்துநாலு வயது, தொழிற்சாலையில் வேலை, எல்லோரையும் அண்ணே அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளை. அவன் மனைவி தர்ஷனா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தாள். குடத்தோடு திரும்பி வந்தபோது அவள் வீடு இருந்த இடத்தில் பலாமரம் வேரோடு கிடந்தது. மோகனராஜை மத்தியானம்தான் எடுத்தார்கள். மழைமானி கிடைக்கவேயில்லை.

மிச்சமிருந்த எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்குப் போனோம். அங்கே நான் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். சவப்பெட்டிக்கு ஓடினேன், ஐயரைக் கூட்டி வந்தேன், கடை முதலாளியிடம் கேட்டு அரிசியும் பெட்சீட்டும் இறக்கினேன். "கணேஸ் அண்ணன் மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆவோம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தர்ஷனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை நான் உதறவில்லை.

சனிக்கிழமை அதே இளம் அதிகாரி வந்தார். அக்கா கொப்பியை நீட்டினார். அவர் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "அம்மா, கீழ்க்கணக்கு மானியில் புதன்கிழமை நாலு மணிக்கு நூற்று அறுபத்தெட்டு. நீங்க அறுபத்திரண்டு எழுதியிருக்கீங்க. பிழையா வாசிச்சிட்டீங்க போல."

அக்காவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் பிழையா வாசிக்கல சேர். அறுபத்திரெண்டுதான் இருந்துச்சு. நீங்கதானே மானிய பலாமரத்துக்குக் கீழ மாத்தச் சொன்னீங்க?"

"நாங்களா? நாங்க இந்தப் பக்கமே வரலையே. யார் அப்படிச் சொன்னது?"

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மண்டபமே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் நிலூஷா நின்றாள். நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. நான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி.

"யாரும் சொல்லல சேர்," என்றார் அக்கா. "வாசல்ல புள்ளைங்க பந்தடிச்சு ஒடச்சிருமேன்னு நானாத்தான் மாத்தி வச்சேன். நீங்க சொன்னதா நெனப்புல வந்திருச்சு."

அதிகாரி கொப்பியை வாங்கிக்கொண்டு, கோபத்தை அடக்கிக்கொண்டு போனார். அவர் பாடசாலை வாசல் படலையைத் தாண்டுமுன்னே ஏச்சு தொடங்கிவிட்டது. "ஒரு உசுர வாங்கிட்டாளே!" என்று ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பெரிய படிச்சவ மாதிரி இலக்கம் சொல்லுவா" என்று இன்னொருத்தி. அன்றிலிருந்து அக்கா ஆக்கிய சோற்றை யாரும் சாப்பிடவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்தாலும் வேண்டாமென்றார்கள். சட்டி பானை கழுவுகிற வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். மண்டபத்தில் அவர் பாய் போட்டால் பக்கத்துப் பாய்கள் நகர்ந்துபோயின. என் கமலம்கூட என் மூஞ்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஆனால் அவளும் சொல்லவில்லை. மகள் கல்யாணம் அவள் வாயையும் அடைத்துவைத்தது.

எட்டு நாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று பாயில் புரண்டேன்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ரோட்டைத் துப்புரவாக்கியதும் திருச்செல்வம் ஐயா ஒரு வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சம்பந்தம் முறிந்தது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சம்பந்தி, தையில ஒரு நாள் பாப்போம். நீங்க மனசு தளராதீங்க," என்றார். பிறகு, "ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். நாங்க வந்த அன்னைக்கு வாசல்ல ஒரு குழி பாத்தேன். அபாய போர்டக் கழட்டி வச்சிருந்தீங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"அத ஏங்க மறைக்கணும்? பன்வில மேல்கணக்குன்னா எந்த மலைன்னு கிராம சேவகர்கிட்ட முன்னாடியே விசாரிச்சிட்டுத்தானே வந்தோம். கண்டியில எங்க வீட்டுக்குப் பின்னால மண்மதிலு ரெண்டு தடவ சரிஞ்சிருச்சு. அதே செவப்பு போர்டு எங்க கேற்றுலயும் தொங்குது. நீங்க வந்தா ஒங்களுக்கு எப்படிக் காட்டுறதுன்னு எம்பொஞ்சாதி வெக்கப்பட்டுக்கிட்டிருக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எதை மறைக்க ஒருத்தனைச் சாகவிட்டேனோ, அது அவர்களுக்கு ஒரு விசயமே இல்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் தட்டிப்போகாது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அது வரைக்கும் வரவில்லை.

அக்கா பாடசாலைக்குப் பின்புறம், சாம்பலும் தும்பும் வைத்துச் சோற்றுச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "அக்கா, அந்த மானிய..."

"தெரியும்," என்றார் நிமிராமல். "சேர் கேட்டப்பவே ஒன் மூஞ்சியில தெரிஞ்சிருச்சு."

"பொறகு ஏன்க்கா பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"ஒனக்காகன்னு நெனச்சியா? பக்கத்துல அந்தப் புள்ள நின்னுச்சு. அது கண்ணு முன்னால அப்பன காட்டிக் குடுக்க மனசு வரல. எப்படியும் சாயந்தரத்துக்குள்ள நீயே வந்து சொல்லிருவேன்னு நெனச்சேன். மறுநா சொல்லுவேன்னு நெனச்சேன். நீ அரிசி மூட்டய தூக்கிக்கிட்டு என்னையத் தாண்டித் தாண்டிப் போன." சட்டியைத் தண்ணீரில் அலசினார். "முள்ளத் தப்பா பாத்தவன்னு எவனும் என்னைய சொன்னதில்லடா. இப்ப எல்லாரும் சொல்றாங்க."

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். அக்கா காலை இழுத்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. தர்ஷனாகிட்ட போயி சொல்லு. எல்லாரும் கேக்கச் சொல்லு."

மண்டபத்துக்குள் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷனா சுவரோரமாக, மடித்த பெட்சீட்டின் மேல் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, மூலையிலிருந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்துத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணே. சாப்பிட்டீங்களா?"

நின்றபடியே சொன்னேன். அலவாங்கு எடுத்ததிலிருந்து, பலாமரத்தடி, ஆபீசர் பொய், புதன்கிழமை நாலு மணிக்கு எனக்கு உறைத்தும் சட்டையைக் கொடியில் போட்டது வரைக்கும், ஒன்றையும் விடாமல் உரத்துச் சொன்னேன். "அக்கா மேல ஒரு பிழையும் இல்ல. எல்லாம் நான் செஞ்சது," என்றேன். நிலூஷா தலை குனிந்துகொண்டாள்.

ஏசுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. தர்ஷனா மூச்சுவாங்கிக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டாள். "அப்ப நெசமா எத்தன இருந்துச்சுண்ணே?"

"நூத்தி அறுபத்தெட்டு."

"நூறுன்னாலே போகணும், இல்ல?"

"ஆமா."

"புதங்கெழம அவரு பையக் கட்டி வாசல்ல வச்சிட்டாருண்ணே," என்றாள். "இந்த மழைக்கு இருக்க வேணாம், வா போவோம்னாரு. நான்தான் வேணாம்னேன். அக்கா இலக்கம் சொல்லட்டும், அவசரப்படாதீங்கன்னேன். அக்கா அறுபத்திரெண்டுன்னாங்க. பாத்தீங்களான்னு அவரப் பாத்துச் சிரிச்சிட்டு, நான்தான் பைய அவுத்து உடுப்பெல்லாம் திரும்ப மடிச்சு வச்சேன்." அவள் வாய் கோணியது. "எம்புருசன நானே கொன்னுட்டேன்னு, இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லாம வச்சிக்கிட்டிருந்தேன் அண்ணே."

அவள் என்னைத் தாண்டி, அக்கா இருந்த பின்வாசல் பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து அழுவது கேட்டது. எனக்காகத் துடைத்துப் போட்ட கதிரை அப்படியே கிடந்தது, நான் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.